உப்பளத்து நுண்ணுயிர் வளரவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

தூத்துக்குடிப் பக்கம் கோடை முற்றும்போது, உப்பு விளையும் கடைசிப் பாத்திகளில் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறும். அந்த நிறம் பெரும்பாலும் ஹாலோபாக்டீரியம் போன்ற, உப்பை விரும்பும் நுண்ணுயிர்களுடையது. முதுகலை நுண்ணுயிரியல் மாணவர்கள் அந்தத் தண்ணீரை பாட்டிலில் பிடித்துக்கொண்டு ப்ராஜெக்டுக்கு வருவார்கள். நான் வருடா வருடம் இவர்களோடு உட்கார்ந்து பிழை பார்க்கிறேன். வரும் பிழைகள் ஏறத்தாழ அதேதான். ஈ.கோலை என்ற சாதாரண ஆய்வக பாக்டீரியாவிடம் பழகிய கை, அதே பழக்கத்தில் இதையும் தொடுகிறது. உப்புக் குறைந்தால் இந்த உயிரின் உடம்பே நிற்காது என்பது கைக்கு இன்னும் பழகவில்லை.

அறிகுறிக்குப் போகுமுன் ஒரு வேலை. இங்கே நான் கணக்கில் கொள்ளும் மீடியா (நுண்ணுயிர் வளர்க்கும் ஊட்டக் கரைசல்) இது: ஒரு லிட்டருக்கு சோடியம் குளோரைடு 250 கிராம், மெக்னீசியம் சல்பேட் (ஏழு நீர் மூலக்கூறு உள்ளது) 20 கிராம், பொட்டாசியம் குளோரைடு 2 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 3 கிராம், பெப்டோன் (சிதைத்த புரத ஊட்டம்) 10 கிராம், பி.எச். 7.2. இதையே பெப்டோன் இல்லாமல் இன்னொரு லிட்டர் தயாரித்து, 'உப்புத் தண்ணீர்' என்று பெரிதாக எழுதி மேசையில் வையுங்கள். நீர்க்கவும் கழுவவும் அந்த பாட்டில் மட்டும்தான். கீழே வரும் பிழைகளில் பாதி அதிலேயே தீர்ந்துவிடும்.

## அறிகுறி: பிளேட்டில் எதுவுமே முளைக்கவில்லை

எத்தனை நாள் ஆயிற்று? பத்து நாள் ஆகவில்லை என்றால் இன்னும் பிழையே இல்லை. ஹாலோபாக்டீரியம் சலினாரம் கண்ணுக்குத் தெரியும் காலனியாக ஒரு வாரம் எடுத்துக்கொள்ளும். பாத்தியிலிருந்து நேராக வந்தது இன்னும் மெதுவாக வரும். 37 முதல் 42 டிகிரி வெப்பத்தில், பிளேட்டுகளை (அகார் சேர்த்துக் கட்டியாக்கிய மீடியா உள்ள தட்டுகளை) பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். மூன்றாம் நாளே "வரவில்லை" என்று பிளேட்டைத் தூக்கிப் போட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எதில் நீர்த்தீர்கள்? காலியான பிளேட்டுக்கு முதல் காரணம் பெரும்பாலும் இதுதான். பாடத்தில் படித்தபடி 0.85 சதவீத சலைனில் டைல்யூஷன் போட்டிருப்பார்கள். நமக்கு அது உப்புத் தண்ணீர், இந்த உயிருக்கு வெறும் தண்ணீர். முதல் குழாயிலேயே எல்லாம் வெடித்துப்போகும். பிறகு எந்த பிளேட்டில் பரப்பினாலும் பரப்புவது பிணத்தைத்தான். மேசையிலுள்ள 'உப்புத் தண்ணீர்' பாட்டிலிலிருந்து நீர்த்து மறுபடி போடுங்கள்.

மீடியாவில் உப்பு உண்மையிலேயே 250 கிராம் இருக்கிறதா? தராசை நம்பவேண்டாம், பாமே மானி வைத்துப் பாருங்கள். உப்பளத்தில் 'டிகிரி பார்ப்பது' என்பார்களே, அதே கண்ணாடி மானிதான். கடல் தண்ணீர் மூன்றரை டிகிரி அளவில் காட்டும், உப்பு விளையத் தொடங்குவது 25 டிகிரியை ஒட்டி. மேலே சொன்ன மீடியா 20 முதல் 22 டிகிரிக்குள் காட்டவேண்டும். 17, 18 காட்டினால் உப்பு அடியில் கரையாமல் நின்றுவிட்டது, அல்லது பொட்டலம் ஈரம் வாங்கியிருக்கிறது.

சாம்பிளுக்கும் இதே கேள்வி உண்டு. 10 டிகிரிப் பாத்தியில் பிடித்த தண்ணீரை 25 சதவீத உப்பில் போட்டால் அங்கே வாழ்ந்தவை பல எழுந்திருக்காது. பாட்டிலில் தேதியோடு டிகிரியையும் எழுதுங்கள்.

பெப்டோன் எந்த வகை? நீர்த்தது சரி, உப்பும் சரி, ஆனாலும் ஒன்றும் இல்லை என்றால் சந்தேகம் பெப்டோன் மேல் போகவேண்டும். சில பெப்டோன்களில் பித்த அமிலத்தின் மிச்சம் இருக்கும். சாதாரண பாக்டீரியாவுக்கு அது ஒன்றும் செய்யாது. சிவப்பு ஹாலோபாக்டீரியத்துக்குப் பாக்டீரியாவுக்கு இருப்பதுபோன்ற பெப்டிடோகிளைக்கான் சுவர் கிடையாது, வெளியே புரதத்தால் ஆன ஒரு போர்வை மட்டுமே. பித்த அமிலம் அதைக் கரைத்துவிடும். சோதனை எளிது: பெப்டோனுக்குப் பதில் ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்டும் காசமினோ அமிலமும் போட்டு ஒரு சிறு தொகுதி செய்து, இரண்டிலும் ஒரே சாம்பிளைப் பரப்புங்கள். ஒன்றில் வந்து மற்றதில் வராவிட்டால் பெப்டோன் டப்பாவை மாற்றுங்கள்.

மைக்ராஸ்கோப்பில் நிறைய இருக்கிறது, பிளேட்டில் இல்லை என்றால்? சதுரமாகவும் தபால்தலை போலத் தட்டையாகவும் செல்கள் தெரிகின்றனவா? அது ஹாலோகுவாட்ராட்டம் வால்ஸ்பியாக இருக்கலாம். நுண்ணுயிரியலாளர் ஆந்தனி வால்ஸ்பி சினாய் தீபகற்பத்து உப்புக் குட்டையில் கண்டு 1980-இல் எழுதினார். அதைத் தனியாக வளர்த்துக் காட்ட 2004 வரை ஆயிற்று. உப்புப் பாத்திகளில் பல இடங்களில் அதிகம் இருப்பதே இதுதான். ஆறு மாத ப்ராஜெக்டில் இதைப் பிடிக்கவேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். வருவதைக் கொண்டு வேலையை நடத்துங்கள்.

எப்போது வெளியே கேட்பது: அடையாளம் தெரிந்த ஒரு ஸ்ட்ரெயினை, சண்டிகரில் உள்ள எம்.டி.சி.சி. போன்ற சேமிப்பகத்திலிருந்து வாங்கி, உங்கள் மீடியாவில் போடுங்கள். அதுவும் வரவில்லை என்றால் கோளாறு மீடியாவிலோ, தண்ணீரிலோ, இன்குபேட்டரிலோதான். வாட்டர் ப்ளாண்ட்டையும் இன்குபேட்டர் வெப்பத்தையும் ஆள் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அது வந்து உங்கள் சாம்பிள் வரவில்லை என்றால் புதிதாக சாம்பிள் எடுங்கள்.

## அறிகுறி: இரண்டே நாளில் வெள்ளையாக, பழுப்பாகக் காலனி வந்துவிட்டது

சந்தோஷப்படுமுன் மூன்று பிளேட் போடுங்கள்: ஒன்று உப்பே சேர்க்காத நியூட்ரியன்ட் அகார், ஒன்று 5 முதல் 15 சதவீதத்துக்குள் உப்பு, இன்னொன்று 25 சதவீத உப்பு.

உப்பில்லாததில் நன்றாக வளர்கிறது: இது உப்பைத் தாங்கும் உயிர், விரும்பும் உயிர் அல்ல. ஸ்டஃபிலோகாக்கஸாக இருக்கலாம். அது மனிதத் தோலில் வாழ்வது, ஆகவே உங்கள் விரலிலிருந்தே வந்திருக்கலாம்.

உப்பில்லாததில் இல்லை, 5 முதல் 15 சதவீதத்தில் செழிப்பு: இது ஹாலோமோனாஸ் அல்லது ஹாலோபாசில்லஸ் மாதிரி, உண்மையான பாக்டீரியா. இதைத் தூக்கி எறியாதீர்கள். சிவப்பு வரவில்லை என்று மாணவர்கள் ஏமாந்துபோகிற இடம் இது, எனக்கோ இது அருமையான ப்ராஜெக்ட். சிவப்பு உயிர் செல்லுக்குள் பொட்டாசியத்தை நிரப்பி வெளி உப்புக்கு ஈடுகொடுக்கிறது. ஹாலோமோனாஸ் உப்பை உள்ளே விடாமல் எக்டோயின் என்ற சிறு மூலக்கூறைத் தானே தயாரித்து நிரப்பிக்கொள்கிறது. மழை பெய்து வெளியே உப்புச் சட்டென்று குறைந்தால், அந்த எக்டோயினை வெளியே துப்பிவிட்டு வெடிக்காமல் தப்பிக்கிறது. ஹாலோமோனாஸ் எலாங்காட்டாவை 15 சதவீத உப்பிலிருந்து 3 சதவீதத்துக்கு மாற்றி, துப்பிய எக்டோயினைச் சேகரித்து, மறுபடி உப்பேற்றி மறுபடி கறக்கும் முறை 1998-இலேயே வெளியாகியிருக்கிறது. 'பாக்டீரியாப் பால் கறத்தல்' என்றே அதற்குப் பெயர். எக்டோயின் இன்று தோல் க்ரீம்களில் போகிறது.

25 சதவீதத்திலும் செழிப்பு, நிறம் மட்டும் வெள்ளை: கீழே நிறத்துக்கான பகுதிக்குப் போங்கள்.

## அறிகுறி: காலனி இருக்கிறது, ஸ்லைடில் ஒன்றுமே தெரியவில்லை

எதில் கரைத்து ஸ்லைடில் வைத்தீர்கள்? தண்ணீர்த் துளியில் என்றால் விடை கிடைத்துவிட்டது. ஒரு முறை இதைக் கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு மறக்கமாட்டீர்கள், அதனால் வேண்டுமென்றே செய்துகாட்டுவேன். உப்புத் தண்ணீரில் ஒரு ஸ்லைடு வைத்து மூடி, 40 மடங்கு லென்ஸில் நீளக் குச்சிகள் நீந்துவதைப் பார்க்கச் சொல்வேன். அப்புறம் கவர்ஸ்லிப்பின் ஓரத்தில் ஒரு சொட்டு வடிகட்டிய தண்ணீரை விடுவேன். தண்ணீர் உள்ளே ஏறும் பக்கம் குச்சிகள் முதலில் வளையும், பிறகு உருண்டையாகும், பிறகு அந்த இடத்தில் ஒன்றுமே இராது. இருந்த இடம்கூடத் தெரியாது. ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

ஆகவே 'எல்லாம் உருண்டையாக இருக்கிறது, காக்கஸ்' என்று நோட்டில் எழுதுமுன், அது பாதி வெடித்த குச்சியா என்று சந்தேகப்படுங்கள். உண்மையாகவே உருண்டையான ஹாலோகாக்கஸும் உண்டு. அதற்குத் தடித்த சுவர் இருப்பதால் தண்ணீரில் போட்டாலும் உருக்குலையாது. தண்ணீர்ச் சொட்டு இரண்டையும் பிரித்துக் காட்டிவிடும்.

கிராம் சாயம் (பாக்டீரியாவை வகை பிரிக்கும் சாயம்) போட்டால் எல்லாம் கழுவிப்போகிறது: சூடுகாட்டி நிலைப்படுத்தினால் உப்புப் படிகம்தான் தெரியும், தண்ணீரில் கழுவினால் செல் போய்விடும். ஸ்மியரைக் காற்றில் உலரவிட்டு, 2 சதவீத அசிட்டிக் அமிலத்தில் ஐந்து நிமிடம் வையுங்கள். உப்பும் போகும், செல்லும் நிலைத்துவிடும். அதன்பின் வழக்கம்போல் சாயம் போடலாம்.

கொஞ்ச நேரத்தில் ஸ்லைடு முழுக்கப் படிகம்: கவர்ஸ்லிப்பின் ஓரத்தை நகப்பூச்சால் அடையுங்கள். லென்ஸில் உப்பு பட்டால் உடனே துடைத்துவிடுங்கள், மறுநாள் வரை விடவேண்டாம்.

## அறிகுறி: வளர்ப்பு திடீரென்று கொழகொழவென்று ஆகிவிட்டது

செல் உடைந்து டி.என்.ஏ. வெளியே வந்துவிட்டது. ஒரு பெண் நான்கு நாள் வளர்த்த அழகான செங்கல் நிற வளர்ப்பை சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, அடியில் படிந்ததை 'சுத்தம் செய்ய' வடிகட்டிய தண்ணீர் ஊற்றினாள். பைப்பெட் நுனியை வைத்ததும் வெண்டைக்காய்ச் சாறு மாதிரி நூல் நூலாக இழுத்துக்கொண்டு எழுந்தது. நிறம் மேலே மிதந்த தண்ணீரில் போய்க் கலந்துவிட்டது. அந்த நான்கு நாளும் மறுபடி.

கழுவியது தண்ணீரில் இல்லை என்றால், வரிசையாகப் பாருங்கள். ஆவியான அளவை ஈடுகட்ட நேராகத் தண்ணீர் ஊற்றினீர்களா? ஃப்ளாஸ்க் மூடியில் கோத்த நீர் சொட்டியதா? பி.எச். மீட்டரின் முனையைத் தண்ணீரில் அலசி அப்படியே உள்ளே விட்டீர்களா? மெக்னீசியம் போட மறந்தீர்களா? செல்லின் மேல் போர்வை கட்டுக்கோப்பாக நிற்க அதுவும் வேண்டும். கடைசியாக வைரஸ். உப்பு உயிர்களையும் தாக்கும் வைரஸ்கள் உண்டு. உடைந்த வளர்ப்பை 0.2 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டி ஒரு சொட்டைப் புதிய வளர்ப்பில் விடுங்கள். அதுவும் ஓரிரு நாளில் தெளிந்துபோனால் வைரஸாக இருக்கலாம். அப்போது அந்த ஃப்ளாஸ்குகளை ஆட்டோகிளேவ் செய்து (அழுத்த நீராவியில் கிருமி நீக்கி), மேசையைத் துடைத்து, சேமித்துவைத்த மூலத்திலிருந்து தொடங்குங்கள். மீண்டும் மீண்டும் வந்தால் வைரஸ் ஆராயும் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். உங்களுக்குத் தொல்லையாக இருப்பது அவர்களுக்குப் புதையல்.

## அறிகுறி: நிறம் சரியில்லை

பாத்தித் தண்ணீர் சிவப்பு, பிளேட்டில் சிவப்பே இல்லை. தண்ணீரின் சிவப்பு டுனாலியெல்லா சலினா என்ற பாசியால் வந்ததாக இருக்கலாம். அது பீட்டா கரோட்டினைச் சேர்த்துவைத்துச் சிவக்கும். மைக்ராஸ்கோப்பில் மற்றவற்றைவிடப் பல மடங்கு பெரிதாக, இரண்டு வாலோடு ஓடும். பார்த்ததும் தெரிந்துவிடும்.

ஒரே காலனியிலிருந்து பரப்பியும் சில காலனி பால் கலந்த ரோஜா நிறம், சில கண்ணாடிச் சிவப்பு. கலப்படம் என்று அவசரப்பட்டுத் தூக்கிப் போடாதீர்கள். ஹாலோபாக்டீரியத்தின் செல்லுக்குள் காற்றுப் பைகள் இருக்கும். ஆக்சிஜன் கரைவதே கஷ்டமான கனத்த உப்பு நீரில் மேலே மிதந்து வர அவை உதவுகின்றன. அந்தப் பைகள் ஒளியைச் சிதறடிப்பதால்தான் பால் நிறம். இதன் டி.என்.ஏ.வில் இடம்விட்டு இடம் தாவும் துண்டுகள் அதிகம். அவற்றில் ஒன்று காற்றுப் பை மரபணுவுக்குள் போய் உட்கார்ந்தால் பை போய்விடும், காலனி தெளிந்து சிவப்பாகும். இது ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் நடக்கிறது. இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஃப்ளாஸ்கில் ஊதா அடிக்கிறது. காற்று போதவில்லை, வெளிச்சம் படுகிறது. அந்த நிலையில் பாக்டீரியோரோடாப்சின் என்ற புரதத்தைச் சவ்வில் பதித்து, வெயிலைக் கொண்டே பிழைத்துக்கொள்கிறது. ஓஸ்டர்ஹெல்ட், ஸ்டோக்கேனியஸ் என்ற ஆய்வாளர்கள் 1971-இல் அறிவித்த அதே ஊதாச் சவ்வு. அது வேண்டாம் என்றால் ஃப்ளாஸ்கில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் மீடியா ஊற்றி நன்றாகக் குலுக்குங்கள்.

## அறிகுறி: எதுவும் போடாத கன்ட்ரோல் பிளேட்டும் சிவக்கிறது

உப்பை ஆட்டோகிளேவுக்குப் பிறகு சேர்த்தீர்களா? வெயிலில் விளைந்த கல்லுப்பில், படிகத்துக்குள் மாட்டிய நுண்ணிய நீர்த்துளிகளில் இந்த உயிர்கள் உயிரோடு இருக்கின்றன. உப்பு என்றால் கிருமி இருக்காது என்ற நினைப்பை இங்கே விட்டுவிடவேண்டும். உப்பையும் சேர்த்தே ஆட்டோகிளேவ் செய்யுங்கள். முன்பு சிந்திய பாத்தித் தண்ணீர் மேசையில் காய்ந்து வெள்ளைத் தூளாகக் கிடந்தாலும் இதே கதைதான். வெறும் ஈரத்துணியால் துடைத்தாலே அதில் பெரும்பாலானவை செத்துப்போகும்.

## அறிகுறி: அகார் கட்டியாகவில்லை, பிளேட்டில் படிகம்

அகார் உப்புக் கரைசலில் லேசில் கரையாது. ஆட்டோகிளேவுக்கு முன்பே நன்றாகக் கொதிக்கவைத்துக் கரைத்துவிடுங்கள், லிட்டருக்கு 20 கிராம் போடுங்கள், எடுத்ததும் ஆறவிடாமல் ஊற்றுங்கள். படிகம் வந்தால் பிளேட் உலர்கிறது என்று பொருள்: பையில் கட்டி, உள்ளே ஈரப்பஞ்சு வையுங்கள். வேலை முடிந்ததும் ஆட்டோகிளேவை நல்ல தண்ணீரில் அலசுங்கள், உப்பு எஃகையும் தின்றுவிடும்.

## அறிகுறி: பி.சி.ஆரில் பட்டை வரவில்லை

பி.சி.ஆர். என்பது டி.என்.ஏ.வின் ஒரு பகுதியைப் பல பிரதிகளாகப் பெருக்கும் வினை. முதலில் டி.என்.ஏ.வைப் பத்து மடங்கு, நூறு மடங்கு நீர்த்து ஓட்டுங்கள். கூடவே வந்த உப்பு வினையைத் தடுக்கும், இதற்குச் செலவே இல்லை.

அதிலும் வரவில்லை என்றால் ப்ரைமர் (பெருக்கம் எங்கே தொடங்கவேண்டும் என்று காட்டும் சிறு டி.என்.ஏ. துண்டு) டப்பாவைப் பாருங்கள். துறையில் எல்லோரும் வைத்திருக்கும் 27 எஃப் பாக்டீரியாவுக்கானது. பெயரில் 'பாக்டீரியம்' இருந்தாலும் ஹாலோபாக்டீரியம் பாக்டீரியா அல்ல, ஆர்க்கியா என்ற தனிப் பெரும்பிரிவு. 21 எஃப் போன்ற ஆர்க்கியா ப்ரைமர் வாங்கவேண்டும். அதற்காக பாக்டீரியா ப்ரைமரை ஒதுக்கிவிடவும் வேண்டாம். சலினிபாக்டர் ரூபர் சிவப்பாகவே இருக்கும், உச்ச உப்பில் வளரும், ஆனால் உண்மையான பாக்டீரியா. ஸ்பெயினின் உப்பளங்களில் கண்டெடுத்து 2002-இல் பெயரிட்டார்கள். நிறத்தை வைத்து ப்ரைமர் தேர்ந்தெடுக்காதீர்கள், இரண்டையும் ஓட்டுங்கள்.

பட்டை வந்தது, ஆனால் வரிசை இரண்டு சத்தம் ஒன்றாகக் கேட்பதுபோல் குழம்புகிறது. காலனியை மூன்று முறை மறுபடி கோடிட்டுத் தனிமைப்படுத்துங்கள். அதற்குப் பிறகும் அதே குழப்பமா? ஹாலோஆர்க்குலா இனத்தில் ஒரே செல்லுக்குள் 16 எஸ் மரபணுவின் (நுண்ணுயிரை அடையாளம் காணப் படிக்கும் மரபணு) பிரதிகள் தமக்குள் ஐந்து சதவீதம் அளவுக்கு வேறுபடும். இந்த இடத்தில் நிபுணரிடம் போகலாம்: புதிய சிற்றினம் என்ற முடிவுக்கு நீங்களாக வரவேண்டாம். புனேயிலுள்ள தேசிய நுண்ணுயிர் வள மையம் போன்ற இடத்தில் கேளுங்கள். முழு மரபணுத் தொகுதி பார்க்கும் செலவு அதன் பிறகுதான்.

## அறிகுறி: என்சைம் வேலை செய்யவில்லை

பஃபரில் (என்சைமை வைக்கும், பி.எச். மாறாத கரைசலில்) உப்பு இருக்கிறதா? சிவப்பு உயிர்களின் புரதங்களின் வெளிப்புறம் அமிலத்தன்மை கொண்டது, உப்பு சூழ்ந்திருந்தால்தான் அவை சரியான வடிவில் மடங்கி நிற்கும். சாதாரண பஃபரில் இரவெல்லாம் டயாலிசிஸ் செய்தால் (சவ்வுப் பையில் வைத்து உப்பை வெளியேற்றினால்) காலையில் கையில் இருப்பது செத்த புரதம். 2 முதல் 4 மோலார் உப்பு வைத்து மறுபடி அளவிடுங்கள்.

ஜெல் ஓட்டும்போது சாம்பிளில் வெள்ளையாகத் திரிந்தால், உள்ளேயிருந்த பொட்டாசியம், ஜெல்லுக்காகச் சேர்க்கும் எஸ்.டி.எஸ். என்ற சோப்புப் பொருளோடு சேர்ந்து படிகிறது. உப்பை நீக்கியபின் ஓட்டுங்கள். பட்டை எதிர்பார்த்த எடையைவிட மேலே நின்றாலும் கவலை வேண்டாம், அமிலப் புரதங்கள் ஜெல்லில் மெதுவாகத்தான் நகரும். சரியான எடை வேண்டுமானால் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி உள்ள இடத்துக்கு அனுப்புங்கள். ஜெல்லோடு போராடி மாதத்தை இழக்காதீர்கள்.

## அறிகுறி: சேமித்துவைத்தது எழுந்திருக்கவில்லை

கிளிசராலை வெறும் தண்ணீரில் கலந்து வளர்ப்போடு சேர்த்திருந்தால், உறையவைக்குமுன்பே கொன்றுவிட்டீர்கள். கிளிசராலை உப்புத் தண்ணீரில் கலந்து சேருங்கள், பிறகு மைனஸ் 80.

அந்த ஃப்ரீசர் இல்லாத கல்லூரிகளுக்கு இந்த உயிர் தானே ஒரு வழி வைத்திருக்கிறது. பாத்தி வற்றும்போது அது செய்வதையே நாமும் செய்யலாம். முற்றிய வளர்ப்பை ஒரு கண்ணாடித் தட்டில் ஊற்றி, தூசி படாமல் மூடி, மெதுவாகக் காயவிடுங்கள். ரோஜா நிறத்தில் சதுரப் படிகங்கள் கிடைக்கும். உலர்ந்த குப்பியில் போட்டு, தேதி எழுதி, இருட்டில் வையுங்கள். வேண்டும்போது ஒரு படிகத்தை எடுத்து மீடியாவில் கரையுங்கள், தண்ணீரில் அல்ல. இரண்டு வாரம் எதுவும் தெரியாமல் இருக்கலாம், குலுக்கிக்கொண்டே இருங்கள்.